வைப்பருக்குள் வைத்த பட்டு

எங்கள் லாரியின் வைப்பரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது. ஒன்றரைச் சாண் கம்பி, அதன் நுனியில் ஒரு ரப்பர் விளிம்பு, மேலே கைக்குள் அடங்கும் ஒரு தகரப் பெட்டி. இதற்குப் போய் இத்தனை வருஷமா கோபப்படுவது என்று என் மனைவி கேட்பாள். அவள் அந்தக் காளையைப் பார்த்ததில்லை.

யுத்தம் வருவதற்கு ஒன்றிரண்டு வருஷம் முந்தி நடந்தது. மைசூரில் அக்ரஹாரத்தில் எங்கள் வீடு. அப்பா காலமான பிறகு குடும்பத்தில் அண்ணா வைத்ததுதான் சட்டம். மேல்கோட்டைக் கோயில் மடைப்பள்ளிக்கு, பெருமாள் தளிகை என்கிற நைவேத்தியச் சமையலுக்காக, அரிசி, பருப்பு, வெல்லம், நெய் எல்லாம் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு அவரிடம் இருந்தது. அதற்கென்று, வேறொருவர் பத்து வருஷம் ஓட்டிச் சலித்த ஓர் அமெரிக்க லாரியை வாங்கி, நஞ்சன்கூடு ரஸ்தாவில் ஒரு தகர ஷெட்டில் நிறுத்தியிருந்தார். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. இன்டர்மீடியட்டில் இரண்டு தரம் கோட்டை விட்டவன். திருப்புளி பிடிக்கத் தெரியும் என்பதால் லாரியை என் தலையில் கட்டினார்.

டிரைவர் கொள்ளேகால் பக்கத்து ஹனூர்க்காரர், தமிழ் பேசுகிறவர், நாற்பது வயது இருக்கும். மானாவாரி நிலம் கைவிட்ட பிறகு வண்டி ஓட்டப் பழகியவர். அவருடைய குடும்பம் மொத்தமும் லைசென்ஸ் என்கிற அந்தச் சின்னப் புத்தகத்தை நம்பித்தான் இருந்தது. அதை மெழுகுத் துணியில் சுற்றிச் சட்டையின் உள்பையில் வைத்திருப்பார். சாப்பிட உட்காரும்போதுகூடத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். என்னைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வயதானவர் என்னைச் சாமி என்று கூப்பிடுவது எனக்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் வேண்டாம் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

அந்தக் காலத்து வைப்பருக்கு மின்சாரம் கிடையாது. எஞ்சின் காற்றை உறிஞ்சும் இடத்திலிருந்து ஒரு ரப்பர் குழாய் மேலே வந்து தகரப் பெட்டிக்குள் போகும். பெட்டிக்குள் ஒரு தட்டு. எஞ்சின் உறிஞ்சும்போது தட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயும், அதோடு சேர்ந்து வெளியே வைப்பர் ஆடும். ஏற்பாடு என்னவோ கெட்டிக்காரத்தனமானதுதான். ஆனால் மேட்டில் ஏறும்போது ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் உறிஞ்சல் குறைந்துவிடும். வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்று தூங்கும். காலை எடுத்தால் வைப்பர் ஆடும், வண்டி நின்றுவிடும். ஆக, மழையில் மலை ஏறுகிறவனுக்குப் போவதா, பார்ப்பதா, இரண்டில் ஒன்றுதான். இதை வடிவமைத்த மகானுபாவன் எந்த மேட்டையும் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன்.

எங்கள் வண்டியில் சமதரையிலேயே அது தூங்க ஆரம்பித்தது. ஆடி உற்சவம் வருகிறது, நாளெல்லாம் சாரல். முதலில் குழாயைப் பார்த்தோம். வெடித்துப் போயிருந்தது. மருந்துக் கடையில் எனிமாவுக்கு விற்கிற சிவப்பு ரப்பர் குழாயை வாங்கி மாட்டினேன். எஞ்சின் உறிஞ்சிய உறிஞ்சலில் அது சப்பையாக ஒட்டிக்கொண்டது, வைப்பர் ஒரு தரம் உதறிவிட்டு நின்றது. டிரைவர் சிரிக்கவில்லை. மறுநாள் எங்கிருந்தோ கனத்த சுவர் உள்ள குழாய் ஒன்றைக் கொண்டு வந்தார். அதை மாட்டியும் பாதி உயிர்தான் வந்தது. அப்புறம்தான் பெட்டியைத் திறந்தோம். உள்ளே தட்டின் விளிம்பில் சுற்றிலும் தோல். காற்று கசியாமல் அடைப்பது அதன் வேலை. காய்ந்து, ஓரமெல்லாம் சுருண்டிருந்தது. டிரைவர் அதைக் கழற்றி விளக்கெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறப்போட்டார். மறுநாள் மாட்டியபோது வைப்பர் பளிச் பளிச்சென்று ஆடியது. எனக்கு வந்த சந்தோஷத்தில் அதை வீட்டில் போய்ச் சொன்னேன். அதுதான் நான் செய்த முதல் முட்டாள்தனம்.

"தோலா?" என்றார் அண்ணா. சாப்பிட்டுக்கொண்டிருந்த கை நின்றது. "பெருமாள் தளிகைக்குப் போற வண்டிலே தோலா?"

அண்ணாவின் மடி ஆசாரம் லாரி வாங்கியதிலிருந்து இரண்டு பங்காகியிருந்தது. வண்டியில் வெங்காயம் கூடாது. புகையிலை கூடாது. மற்ற லாரிக்காரர்கள் மழையில் புகையிலையை நனைத்துக் கண்ணாடியில் தேய்த்து, தண்ணீர் ஒட்டாமல் சமாளிப்பார்கள், அதுவும் எங்களுக்கு இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் டிரைவர் ஏற வேண்டும், வெறுங்காலால்தான் பிரேக்கை மிதிக்க வேண்டும். இதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டோம்.

"அண்ணா, கோயில்லே மிருதங்கம் வாசிக்கறா. அதுலே இருக்கறது என்ன?" என்றேன்.

"அது வாத்தியம். இது அழுக்கு வண்டி. சும்னெ இருடா, எல்லாம் தெரிஞ்சாப்லே பேசாதே."

பெங்களூர் கண்டோன்மென்ட் கடைகளில் பேட்டரியில் ஓடுகிற வைப்பர் வந்திருக்கிறது, அதில் தோலும் இல்லை, மேட்டில் தூங்கவும் தூங்காது, அதையே வாங்கிவிடலாம் என்றேன். உற்சவம் முடியட்டும், பார்க்கலாம் என்றார். நாலு நாளில் சரக்குப் போயாக வேண்டும். அதற்குள் தோலை எடுத்துவிட வேண்டும். எடுத்துவிட்டு என்ன வைப்பது என்று கேட்டேன். அவர் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. எழுந்துபோய், மடிக்கு உடுத்திப் பழசான தன்னுடைய மஞ்சள் பட்டு ஒன்றை எடுத்து வந்து என் முன்னால் போட்டார்.

"பட்டுக்குத் தீட்டே கிடையாது. இதை நாலு மடிப்பு மடிச்சுத் தைச்சு வை."

எங்கள் வீட்டில் அதுதான் விதி. ஈரம் காயாத வேஷ்டியைக் கட்டினால் மடி, பட்டைக் கட்டினால் எப்போதும் மடி. வைப்பருக்கும் அதே நியாயம். எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஆனாலும் பட்டை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன்.

டிரைவர் அதைப் பார்த்ததும் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டார்.

"சாமி, காத்து மடி பாக்காதுங்க. பட்டுக்குள்ள பூந்து போயிருமுங்க. மழைல ஊறுச்சுன்னா நூலு பிரிஞ்சு வேற சிக்கிக்கும். நானு இத மாட்ட மாட்டனுங்க."

"தேன்மெழுகு தடவிடலாம், டிரைவரே. உற்சவம் முடியற வரைக்கும்தான்."

"என்ற கையால மாட்ட மாட்டனுங்க."

அவர் மாட்டவில்லை. நான்தான் மாட்டினேன். பட்டை நாலாக மடித்து, தோலை அதன் மேல் வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து, அந்த அளவுக்கு வெட்டி எடுத்தேன். நாலு துண்டையும் சேர்த்துத் தைத்தேன். மெழுகை உருக்கித் தடவினேன். நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிட்டதும் வைப்பர் ஜோராக ஆடியது. நிற்கிற வண்டியின் எஞ்சின் நன்றாகத்தான் உறிஞ்சும், அது எனக்குத் தெரியும். மேட்டில் என்ன ஆகும் என்பதும் தெரியும். தெரிந்தே, அண்ணாவிடம் போய்ச் சரியாகிவிட்டது என்றேன். தோலையும், ஓட்டை விழுந்த மிச்சப் பட்டையும் ஷெட்டில் ஸ்பேனர் முதலியவை கிடக்கும் ஆயுதப் பெட்டிக்குள் போட்டேன்.

உற்சவத்துக்கு முதல் நாள் காலையில் கிளம்பினோம். பாண்டவபுரம் தாண்டும் வரை சாரல்தான், வைப்பர் ஏதோ ஆடிக்கொண்டிருந்தது. மலையடியில் மழை பிடித்துக்கொண்டது. ஏற்றத்தில் டிரைவர் ஆக்ஸிலேட்டரை மிதிக்க, வைப்பர் நின்றது. காலைத் தூக்கினார். அப்போதும் ஆடவில்லை. உள்ளேயிருந்து கையால் ஆட்டுவதற்கு ஒரு குமிழ் உண்டு. எட்டி அதைத் திருகினேன். ஏதோ சுற்றிக்கொண்டு இறுகியிருந்தது, அரை அங்குலம்கூட அசையவில்லை.

"நிறுத்திர்லாமுங்க சாமி. சக்கரத்துக்குக் கல்லு வெச்சுட்டு, மழ விட்டதும் போலாமுங்க."

"தளிகைக்கு நேரமாயிடும். அண்ணா உயிரை எடுத்துடுவார். மெதுவா ஏறிடலாம்."

இதைச் சொன்னதும் நான்தான். யாரும் என் வாயில் திணிக்கவில்லை.

டிரைவர் வலப்பக்கம் தலையை வெளியே நீட்டி, மழை முகத்தில் அறைய, கண்ணை இடுக்கிக்கொண்டு ஓட்டினார். ஆகவே வலப்பக்கம் அவருக்குத் தெரிந்தது. இடப்பக்கம் முழுக்கத் தண்ணீர் வழிகிற கண்ணாடி. எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஒரு வளைவில் இடது ஓரமாக, மழைக்கு ஒதுங்கி, விறகு ஏற்றிய கட்டை வண்டி ஒன்று நின்றிருந்தது. வண்டிக்காரன் மரத்தடியில் சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றான். மாடுகள் நுகத்தில் இருந்தன.

சத்தம் பெரிதாக இல்லை. எங்கள் இடது மட்கார்டு வண்டியின் வலப்பக்கக் காளையை அதன் விலாவில் வைத்து அழுத்திவிட்டது. நான் இறங்கினபோது அது முன்னங்காலை ஊன்றி எழப் பார்த்தது. இரண்டு தரம் பார்த்தது. வண்டிக்காரன் ஓடி வந்து அதன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, கன்னடத்தில் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். எங்களைத் திட்டக்கூட இல்லை. மழை நிற்பதற்குள் அது போய்விட்டது.

தளிகைச் சாமானை வேறு வண்டிகளில் ஏற்றி மேலே அனுப்பினார்கள். ஆக, அதுவும் நேரத்துக்குப் போகவில்லை. போலீஸ் வந்து, டிரைவரின் உள்பையிலிருந்த புத்தகத்தை வாங்கிக்கொண்டது. மெழுகுத் துணியைச் சுருட்டி அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்கள். லாரியைக் கொண்டுபோய் ஷெட்டில் நிறுத்த வேண்டும், மோட்டார் இன்ஸ்பெக்டர் மூன்றாம் நாள் வந்து பார்ப்பார், அதுவரை எதையும் தொடக்கூடாது, வண்டியில் பழுது இல்லை என்றால் தப்பு டிரைவருடையது, லைசென்ஸ் ரத்து என்றார்கள்.

அன்று மாலை அண்ணா என்னைத் தனியாக அழைத்தார். வண்டிக்காரனுக்கு வேறு ஜோடி மாடு வாங்கிக் கொடுக்க ஏற்பாடு செய்துவிட்டார். அந்த மட்டில் நியாயஸ்தர். பிறகு சொன்னார்.

"டிரைவர் வேகமாப் போனான்னு சொல்லிடு. நம்ம வண்டிலே பழுதுன்னு வந்தா கோயில் வேலை கைவிட்டுப் போயிடும்."

"பட்டு உள்ளேயே இருக்கே, அண்ணா. திறந்தா தெரிஞ்சுடுமே."

அவர் எழுந்து உள்ளே போனார். நான் சொன்னது தைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன். உண்மை பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது, நான் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை என்ற நிம்மதி.

மூன்றாம் நாள் காலையில் மன்னி கிணற்றடியில் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். "விடிஞ்சும் விடியாம ஷெட்டுக்குப் போயிட்டு வந்தார். வந்ததும் தலைக்கு ஸ்நானம். பூணூலைக்கூட மாத்திண்டாச்சு. எதுக்குன்னு கேட்டா எரிஞ்சு விழறார்." சாவு ஏதாவது கேள்விப்பட்டாரோ என்று நினைத்தேன். அல்லது, காளை செத்ததற்குத்தானோ என்று நினைத்தேன். உண்மையில் அப்படி நினைத்தபோது அவர்மேல் எனக்குக் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. அதை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது.

இன்ஸ்பெக்டர் பதினோரு மணிக்கு ஷெட்டுக்கு வந்தார். பிரேக்கைப் பார்த்தார், ஸ்டியரிங்கைப் பார்த்தார், பிறகு வைப்பருக்கு வந்தார். டிரைவர் தனக்குத் தெரிந்த கன்னடத்தில், உள்ளே தோலுக்குப் பதில் பட்டு இருக்கிறது என்றார். இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். பட்டா, யாராவது வைப்பருக்குப் பட்டு உடுத்துவார்களா என்று கேட்டார். என்னைத் திறக்கச் சொன்னார்.

நாலு திருகாணியையும் கழற்றி மூடியை எடுத்தேன். உள்ளே தோல் இருந்தது. விளக்கெண்ணெய் மினுமினுக்க, கச்சிதமாக, நாங்கள் ஊறவைத்த அதே தோல்.

தோல் இருக்கும் வண்டியில் தளிகைச் சாமான் ஏறக்கூடாது என்றவர், இருட்டோடு போய், தன் கையாலேயே அதை எடுத்து, தன் கையாலேயே மாட்டிவிட்டு வந்திருக்கிறார். அதற்குத்தான் தலைக்கு ஸ்நானம். அதற்குத்தான் புதுப் பூணூல். காளைக்கு இல்லை.

அண்ணா சரிகைத் தலைப்பாகையும் கோட்டுமாக ஷெட் வாசலில் நின்றிருந்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று சொல்லி இன்ஸ்பெக்டர் எழுதத் தொடங்கினார். டிரைவர் அண்ணாவைப் பார்க்கவில்லை, இன்ஸ்பெக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அவருடைய கை தானாகப் போய்ச் சட்டைக்குள் அந்தக் காலிப் பையைத் தொட்டது.

நான் வாயைத் திறந்தேன். கோபத்தில்தான், தைரியத்தில் இல்லை. "முந்தாநாள் இதுலே பட்டுதான் இருந்தது. நான்தான் வெச்சேன்" என்றேன்.

"அன்னிக்கு வண்டி மோதினதுலே இவனுக்குத் தலைலே அடி. உளர்றான்" என்றார் அண்ணா. எத்தனை சுலபமாக வந்தது அந்தப் பொய்! குரல்கூட மாறவில்லை.

நான் தட்டை வெளியே எடுத்தேன். அச்சின் அடியில், அண்ணாவுக்குப் பார்க்கத் தெரியாத இடத்தில், மெழுகு பிடித்த நூல் கற்றையாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஊசியால் நெம்பி இழுத்தேன். முழ நீளத்துக்கு மஞ்சள் பட்டு நூல் வந்தது. பிறகு ஆயுதப் பெட்டியைக் கவிழ்த்து, ஸ்பேனர்களுக்கு அடியில் கிடந்த மிச்சப் பட்டை எடுத்து பானெட்டின் மேல் விரித்து, அதிலிருந்த ஓட்டைகளில் ஒன்றுக்குள் அந்தத் தோலை வைத்தேன். இம்மி பிசகாமல் பொருந்தியது. யார் வெட்டியது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். நான் என்றேன். மழையில் நிறுத்தலாம் என்று டிரைவர் சொன்னதையும், வேண்டாம் என்று நான் சொன்னதையும் சொன்னேன். தோலைத் திரும்ப வைத்தது யார் என்று கேட்டார். நான் ஷெட் வாசலைப் பார்த்தேன், இன்ஸ்பெக்டரும் அங்கே திரும்பினார். அண்ணா தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

டிரைவருக்கு லைசென்ஸ் அங்கேயே திரும்பக் கிடைத்தது. அதை மெழுகுத் துணியில் சுற்றினார், பையில் வைத்தார், ஷெட் ஓரத்தில் கழற்றிவிட்டிருந்த செருப்பை மாட்டிக்கொண்டார். வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் கொள்ளேகால் பஸ்ஸுக்கு நடந்தார். கோயில் வேலை எங்கள் கையைவிட்டுப் போகவில்லை. அபராதத்தோடு முடிந்தது. அண்ணா அதற்குப் பிறகு என்னிடம் ஆறு மாதம் பேசவில்லை. அது எனக்குப் பெரிய உபகாரம்.

நான் பெங்களூர் போய் பேட்டரி வைப்பரை வாங்கி வந்து மாட்டினேன். எஞ்சின் உறிஞ்சலோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. மேடோ பள்ளமோ, ஒரே சீராக ஆடும். பார்க்க வந்த அண்ணா பேசாவிரதத்தை அன்று ஒரு தரம் முறித்தார். "இதுக்குள்ளே தோல் கிடையாதோல்லியோ?" என்றார். கையிலிருந்த ஸ்பேனரைத் தகரச் சுவரில் வீசி எறிந்தேன். அந்தப் பள்ளம் ஷெட்டைப் பிரிக்கும்வரை அங்கே இருந்தது.

டிரைவர் கொள்ளேகாலில் ஒரு பட்டு வியாபாரியின் லாரியை ஓட்டுவதாகத் தெரிந்தது. புது வைப்பர் போட்டாகிவிட்டது, செருப்போடு ஏறலாம், அண்ணாவின் பேச்சு இனி ஷெட்டில் செல்லாது, வந்துவிடுங்கள் என்று கொள்ளேகால் பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினேன். எனக்கு ஒரு நன்றியும், இரண்டு நல்ல வார்த்தையும் வரும் என்று எதிர்பார்த்தேன். அண்ணாவைக் காட்டிக்கொடுத்தவன் அல்லவா நான்.

மறுநாள் கண்டக்டர் பதிலைக் கொண்டு வந்தார். டிரைவர் சொன்னதை அவர் பாஷையிலேயே சொன்னார்.

"வைப்பரு நல்லதுதானுங்களாம். ஆனா, தப்புன்னு தெரிஞ்சும் ஆரு சொன்னாலும் திருப்புளியக் கையில எடுக்கற ஆளு பக்கத்துல உக்காந்து நானு வண்டி ஓட்ட மாட்டேன்னு சாமிகிட்டச் சொல்லீருங்கன்னாருங்க."

சொல்லிவிட்டுக் கண்டக்டர் விசில் ஊதினார், பஸ் கிளம்பியது. எனக்குக் காது சூடானது. இத்தனை நாளும் அந்தக் கோபத்தை நான் அண்ணாவின் பேரில்தான் எழுதி வந்திருக்கிறேன்.